இறுக்குதுன்னு சொன்னியே

இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு. கதவைச் சாத்தியாச்சு, தாப்பாளும் போட்டாச்சு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நடுவுல இடுக்குத் தெரியாம துணி காயப்போடற கிளிப்பு வேற மாட்டியிருக்கேன். எதிர் மாடியில சிகரெட் பிடிக்கறவனுக்கு இன்னிக்கு ஒரு தரிசனமும் கிடையாது. நீயும் நானும்தான் இருக்கோம். உனக்கு வெக்கம்னா எனக்கு அதைவிட. இந்த வயசு வரைக்கும் நான் இந்தப் பேச்சை வாயெடுத்துப் பேசினது இல்ல. பாடின்னு சொல்றதுக்கே பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு, உள்ள போடறதுன்னு முணுமுணுப்போம். அப்பேர்ப்பட்டவ இப்ப டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு மருமக முன்னாடி நிக்கறேன். நான் டேப்பைப் பிடிச்சிட்டு நிக்க, நீ பொத்தானைப் பிடிச்சிட்டு நிக்க, இப்படியே நின்னா பொழுது சாஞ்சிடும்.

இல்ல, நாளைக்கு வேணாம். இன்னிக்குத்தான்.

நீதான சொன்னே. கண்ணாடிக் கடை வேலை முடிஞ்சு மாடிப்படி ஏறி வர்றப்ப, இடது கையை விலாவுல அண்டக் குடுத்துக்கிட்டு படிக்குப் படி நின்னு வந்தே. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல அத்தை, பாடி இறுக்குதுன்னே. கொடியில துணி போட கையைத் தூக்க முடியல. கேட்டா, பாடி இறுக்குது. தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சு உள்ளயே அடக்கறே. அதுக்கும் பாடிதான் காரணம். சரி. ஒரு முழம் துணி ஒரு மனுஷியை இந்தப் பாடு படுத்துதுன்னா அதை அளந்து பாக்காம விடக் கூடாது. அதுதான் இறுக்குதா, இல்லையான்னு எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். வேற எதுக்கும் உன்னை நிறுத்தி வைக்கல.

கடையில போய் அளந்துக்கறேங்கறியா. எந்தக் கடையில? ஒரு கடையைச் சொல்லேன், பாப்போம்.

நான் போயிருக்கேன் கடைக்கு. கல்யாணமான புதுசு. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கறான், காதுல பேனா. என்ன சைஸும்மான்னு கேட்டான். தெரியலன்னு சொல்ல வாய் வரல எனக்கு. அவன் என்ன பண்ணான், பூசணிக்காய் வாங்கறவன் பாக்கற மாதிரி என்னை ஒரு பார்வை பாத்தான். பாத்துட்டு உள்ள திரும்பிக் கத்தறான், நாப்பது எடு, அம்மாவுக்கு நாப்பது. அந்தக் கடையில இருந்த தலையெல்லாம் திரும்பிச்சு. நான் கைக்குட்டை வாங்க வந்தேன்னு சொல்லிட்டேன். ஒரு டஜன் கைக்குட்டையை வாங்கிக்கிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன். உன் மாமா ஆயுசு முழுக்க அதுலதான் மூக்கைச் சிந்தினார். கண்ணாலேயே அளக்கறாங்களாம். அந்தக் கண்ணு அவ்வளவு திறமையா இருந்தா கட்டடம் கட்டற எடத்துல போய் நிக்கறதுதான, சுவர் கோணலா நேரான்னு பாத்துச் சொல்ல. இந்தத் திறமையெல்லாம் பொம்பளைங்க முன்னாடி மட்டும்தான்.

சிரிக்காதே. சிரிச்சா வலிக்குது பாரு உனக்கு.

அதுக்கப்புறம் உன் மாமாதான் வாங்கிட்டு வருவார். அவர் கரண்டு வேலை பாக்கற மனுஷன், அவருக்கு உலகத்துல எல்லாமே பல்புதான். கடையில அளவு கேட்டா ரெண்டு கையையும் விரிச்சு இந்தா இவ்வளவுன்னு காட்டுவாராம். கூட வேலை பாக்கறவர் பொண்டாட்டி பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்கு உயிர் போச்சு. அதுலயும் அவர் ஒரு தத்துவம் வச்சிருந்தார். பெரிசா வாங்கினா பிடிச்சுக்கலாம், சின்னதா வாங்கினா என்ன பண்ணுவேன்னு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு சட்டை எடுக்கற மாதிரி, வளர்றதுக்கு இடம் விட்டு. அந்த வயசுக்கு மேல நான் எங்க வளர. ஊக்குக் குத்திக்கிட்டுத்தான் காலத்தை ஓட்டினேன். பட்டி தொளதொளன்னு நிக்க, பாரமெல்லாம் தோள்நாடாவுல தொங்கும். தொங்கித் தொங்கி ரெண்டு தோள்லயும் பள்ளம் விழுந்திருக்கு. பாக்கறியா? இந்தா, பாரு. இங்க. உன் மாமாவைத் தவிர யாரும் பாத்தது இல்ல இதை. டாக்டரம்மாகூட பாத்தது இல்ல.

அந்த மனுஷன் முட்டாள்தான். ஆனா அந்தப் பொட்டலத்தைக் குடுக்கறப்ப கூச்சத்துல மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவார். நாடா பதிஞ்ச இடத்துல அவரே எண்ணெயைப் போட்டுத் தேய்ச்சுவிடுவார், தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்ச மாதிரி. சத்தமா ஒரு வார்த்தை பேசத் தெரியாது அவருக்கு. பல்பு கடைசி வரைக்கும் பல்புதான். அது போகட்டும்.

நான் காட்டிட்டேன். இப்ப உன் முறை.

எனக்குத் தெரியாதாமா எப்படி அளக்கறதுன்னு? எல்லாம் பாத்துட்டுத்தான் நிக்கறேன். ஃபோன்ல ஒரு பொண்ணு சொல்லித் தர்றா. வீட்டிலேயே சரியான அளவைக் கண்டுபிடிக்கறது எப்படின்னு. வந்தவ நேரா விஷயத்துக்கு வந்தாளா? ஹாய் ஃப்ரெண்ட்ஸ், லைக் போடுங்க, மணியை அமுக்குங்க, பூனைக்குட்டியைப் பாருங்கன்னு பாதி நேரம் போயிடுச்சு. அப்புறம் டேப்பை எடுத்தா. எடுத்து, போட்டிருந்த கம்பளிச் சட்டை மேலயே சுத்தறா. அவ உடம்பை அளக்கறாளா, ஆட்டை அளக்கறாளா? இன்னொருத்தி வர்றா. மார்புக்குக் கீழ வர்ற அளவோட நாலு அங்குலம் கூட்டிக்கணுமாம். எதுக்குடி கூட்டணும்னா அவளுக்கும் தெரியல. யாரோ சொன்னாங்க, இவ சொல்றா. பார்சல் ஆபீஸ்ல எடை போடற வேலையில இருந்தப்ப நான் மூட்டைக்கு மூட்டை நாலு கிலோ கூட்டி எழுதியிருந்தா அன்னிக்கே என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. கூட்டாம அளக்கணும். இருக்கறதை இருக்கற மாதிரி. மூணாவதா ஒருத்தி, மூஞ்சி கழுவாம உக்காந்திருந்தா, அவ ஒருத்திதான் ஒழுங்காச் சொன்னா. சட்டையைக் கழட்டிட்டு அளக்கணும், மூச்சை விட்டுட்டு அளக்கணும், பின்னாடி டேப்பு தரையோட சமமா இருக்கணும், அதை நாமளே பாத்துக்க முடியாது, அதனால இன்னொருத்தர் வேணும். அந்த இன்னொருத்தர்தான் நான்.

டேப்பா? புதுசு. பழசை நான் நம்பல. துணி டேப்பு இழுத்து இழுத்து நீண்டு போயிடும். இரும்பு ஸ்கேலோட வச்சுப் பாத்தேன், அரை அங்குலம் பொய் சொல்லுது. தூக்கிக் குப்பையில போட்டேன்.

விளக்கை அணைக்கணுமா? நல்லா இருக்கே. இருட்டுல நம்பரை நான் தடவிப் பாத்தா படிப்பேன்? சரி, ஒண்ணு பண்ணு. நீ சுவரைப் பாத்து நில்லு. கழட்டின சட்டையை முன்பக்கம் மூடிப் பிடிச்சுக்கோ. எனக்கு இப்போதைக்கு முதுகு போதும். நான் உன் மொகத்தையும் பாக்கல, நீயும் என் மொகத்தைப் பாக்க வேணாம். ரெண்டு பேருக்கும் சௌகரியம்.

ம். அப்படித்தான். மெதுவா. கையை நான் பிடிச்சுக்கறேன், நீயா இழுக்காதே.

இரு. அசையாதே. முதல்ல இப்பப் போட்டிருக்கறதைப் பாத்துடறேன். எங்க சீட்டு? முப்பத்தாறு பி. யார் வாங்கினது? கடையில குடுத்ததா. அவனும் காதுல பேனா வச்சிருந்தானா? பாரு, பின்னாடி பட்டி எங்க நிக்குதுன்னு. நேரா இருக்க வேண்டிய பட்டி வளைஞ்சு மேல ஏறி, தோள்பட்டை எலும்புகிட்ட போய் உக்காந்திருக்கு. இது தொளதொளன்னு இருந்தாதான் இப்படி ஏறும். கொக்கியில மூணு வரிசை இருக்கா. நீ எதுல போட்டிருக்கே? ரொம்ப உள்ள இருக்கற வரிசை. அதுக்கு மேல இறுக்க முடியாது. அப்படியும் இதோ, என் கையை விடறேன். ரெண்டு விரல் நுழைஞ்சா சரியான அளவும்பாங்க. எனக்கு உள்ளங்கை முழுசா போயிட்டு வருது. வளையலோட போகுது.

இறுக்குதுன்னு சொன்னியே.

ஒண்ணும் சொல்ல வேணாம் நீ. நான் உன்னைக் கேக்கல, துணியைப் பாத்துச் சொன்னேன். கொக்கியை அவுக்கறேன். நிமிர்ந்து நில்லு. இப்ப டேப்பை முன்னாடி கொண்டு வரணும், மார்புக்குக் கீழ, விலா எலும்பு மேல. மூச்சை விடு. இன்னும் கொஞ்சம்.

என்ன? என்னாச்சு? நான் இன்னும் இழுக்கவே இல்லயே.

கூச்சமா. ஏம்மா, கூச்சம் வந்தா மனுஷங்க நெளிவாங்க, சிரிப்பாங்க. நீ பல்லைக் கடிக்கறே. கடிக்கற சத்தம் எனக்கே கேக்குது. உன் புருஷன் எனக்குக் காது மந்தம்னு நெனச்சிட்டு இருக்கான். ஒரு காதுதான் மந்தம்.

சட்டையைக் கீழ எறக்கு. எறக்கும்மா. நான்தான பாக்கறேன்.

...

சரி. உக்காரு. இந்தத் துண்டைப் போத்திக்கோ. ஒரு வாய் தண்ணி குடி.

மேஜை இடிச்சிடுச்சா. எந்த மேஜை? சாப்பாட்டு மேஜையா. அப்படியா. சரி, இடிச்சிருக்கலாம், நான் இல்லேங்கல. டேப்பு கையிலதான இருக்கு, சந்தேகத்தை எதுக்கு வச்சுக்கணும். எழுந்து நில்லு ஒரு நிமிஷம், செருப்பில்லாம. தரையிலேருந்து நீலமா இருக்கற இடம் வரைக்கும்... நாப்பத்திநாலு. இப்ப மேஜை. இந்தக் கதவைத் திறந்தா அங்கதான இருக்கு, நான் போய் அளந்துட்டு வர்றேன், நீ நில்லு.

இருபத்தொம்பதரை. பதினாலு பதினஞ்சு அங்குலம் எகிறிக் குதிச்சு வந்து இடிச்சிருக்கு மேஜை. நாலு காலும் உள்ள மேஜைதான, குதிக்கும் போல.

அலமாரிக் கைப்பிடியா இப்ப. ஆமா, அது கொஞ்சம் உசரம். பொறு. நாப்பத்திமூணு. கிட்ட வருது. நியாயத்தைச் சொல்லணும், இது கிட்ட வருது. ஆனா இந்தக் கைப்பிடி ஒத்தை உருண்டை, எலுமிச்சம்பழம் சைஸ். உன் விலாவுல இருக்கறது நாலு. பக்கத்துல பக்கத்துல, வரிசையா. உன் விரலை மடக்கிப் பாரு, மொளி எத்தனை இருக்கு? ஒரு கைப்பிடி வரிசை தப்பாம நாலு தடவை இடிச்சுதுன்னு சொல்றியா? அதுக்குக் கீழ மஞ்சளா ஒண்ணு இருக்கே, அது பழசு. அது எந்த அலமாரி? தோளுக்குப் பின்னாடி இருக்கறது? இந்த வீட்டுல இவ்வளவு மரச்சாமான் கிடையாதும்மா.

அழு. அழறது தப்பில்ல. விலாவைப் பிடிச்சுக்கிட்டு அழு, இல்லேன்னா குத்தும்.

எனக்கு எப்பத் தட்டுச்சுன்னு கேளு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல நீ தட்டை எடுக்கக் குனிஞ்சு, பாதியில நின்னுட்டே. நான் உன் புருஷனைக் கேட்டேன், அவளுக்கு என்னடா ஆச்சுன்னு. துரை ஃபோன்லேருந்து தலையைத் தூக்கல. அவளுக்குப் பாடி இறுக்குதாம், வேற சைஸ் வாங்கிக்கச் சொல்லுன்னான். எனக்குக் கையில இருந்த சோறு அப்படியே நின்னுச்சு. தன் பனியன் எந்த அலமாரியில இருக்குன்னு தெரியாதவன் அவன். குளிச்சிட்டு ஈரத்தோட நின்னு அம்மான்னு கத்தறவன். தன் செருப்பு என்ன நம்பர்னு கேட்டா செருப்பைக் கவுத்துப் பாப்பான். அவனுக்குப் பொண்டாட்டியோட பாடி இறுக்கறது எப்படித் தெரிஞ்சுது? நீ சொன்ன அதே வார்த்தை, அதே வரிசை. ரெண்டு பேரும் ஒப்பிச்சு வச்ச மாதிரி. பார்சல் ஆபீஸ்ல ரெண்டு பேர் ரெண்டு மூட்டைக்கு ஒரே கதையைச் சொன்னா நான் ரெண்டு மூட்டையையும் அவுத்துடுவேன்.

அவனே சொல்லச் சொன்னானா இப்படிச் சொல்லுன்னு.

ம். தலையாட்டினதே போதும்.

அதுக்குக்கூட சொந்தமா ஒரு பொய் சொல்ல வக்கில்ல. பொம்பளை துணியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கான். எங்கம்மா வெக்கப்படறவ, இந்தப் பேச்சை எடுத்தா மேல கேக்க மாட்டான்னு ஒரு கணக்கு. என் வெக்கத்தை நம்பி இந்தக் காரியத்தைப் பண்ணிட்டு இருந்திருக்கான்.

இல்ல, கோவக்காரர்னு சொல்லாதே. எனக்குச் சிரிப்பு வருது. கோவம்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு? மேனேஜர் ஃபோன் பண்ணா படுக்கையிலேருந்து எழுந்து நின்னு பேசறவன். ஃபோன்ல நீ நிக்கறியா படுத்திருக்கியான்னு எவனுக்குத் தெரியும்? ஆனாலும் நிப்பான். சரிங்க சார், என் தப்புதான் சார், பாத்துக்கறேன் சார். கீழ வண்டி நிறுத்தறதுக்கு எவனோ சத்தம் போட்டா, ஜன்னலைச் சாத்திட்டு உள்ள வந்துடுவான். கரப்பான்பூச்சியைக் கண்டா நாற்காலி மேல ஏறிக்கிட்டு உன்னைக் கூப்பிடறான், நான் பாத்திருக்கேன். அங்கெல்லாம் அந்தக் கோவம் எங்க போச்சு, லீவுல இருந்துச்சா? நிஜக் கோவத்துல அடிக்கறவனுக்குக் கண்ணு தெரியாது. கன்னத்துல விழும், மூக்குல விழும், தட்டு பறக்கும். இவன் எங்க அடிச்சிருக்கான் பாரு. கழுத்துக்குக் கீழ, முழங்கைக்கு மேல. நீ சட்டையைப் போட்டா ஒண்ணும் தெரியாது. கண்ணாடிக் கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. அடிக்கும்போதே தையல்காரன் மாதிரி அளவு பாத்து அடிச்சிருக்கான். இதுல கோவம் எங்க இருக்கு? டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டுத்தான் கோவப்படுவானாம். ரிமோட்டைத் தேடி எடுக்கற வரைக்கும் காத்திருக்கற கோவம்.

ஆமா, அன்னிக்குக் கதவைத் தட்டினேன். தட்டினப்ப நீதான உள்ளேருந்து குரல் குடுத்தே. டிவிதான் அத்தை, சினிமா ஓடுதுன்னு. நான் திரும்பி வந்து படுத்தேன், தூக்கம் வரல. நேராக் கேட்டா நீ இல்லேம்பே. அவன் இல்லேம்பான். நான் வாயால கேக்கற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வாயாலயே மூடிடுவீங்க. என் கண்ணால பாத்தாதான் உன்னால இல்லேங்க முடியாது. மாமியார் மருமகளைச் சட்டையைக் கழட்டுடின்னு சொல்ல முடியுமா? வேற எந்தக் காரணத்தைச் சொல்லி நான் உன் விலாவைப் பாப்பேன்? நீங்களே ஒரு காரணத்தை எடுத்து என் கையில குடுத்தீங்க. நானும் வெக்கத்தை விட்டுட்டு, ஃபோன்ல அந்தப் பூனைக்குட்டிக்காரியையெல்லாம் உக்காந்து பாத்தேன்.

என் பிள்ளைதான். யார் இல்லேன்னா? பத்து மாசம் சுமந்தேன், பால் குடுத்தேன், ஜுரத்துல கூட உக்காந்திருந்தேன், எல்லாம் நடந்துச்சு. அதுக்காக அவன் பண்றதைப் பாத்துட்டு நான் துணி மடிச்சிட்டு இருக்கணுமா? இப்ப அவன் மேல எனக்கு என்ன வருதுன்னு நெனைக்கறே? பாசமும் இல்ல, பயமும் இல்ல. கால்ல எதையோ மிதிச்சுட்டா வருமே, அதுதான் வருது.

நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறே. சாப்பாட்டுல உப்பு கம்மின்னா விலாவுல குத்துவாங்களா? ஃபோனை எடுக்க லேட்டாச்சா. அதுக்கா. சரி, சொல்லு, சொல்ல வந்ததையெல்லாம் சொல்லிடு. நான் டேப்பைச் சுத்தி வச்சிட்டுக் கேக்கறேன்.

ம்.

ம். சரி.

போதும். இனிமே அதை என்கிட்ட ரெண்டாவது தடவை சொல்ல வேண்டாம். கீழ் வீட்டு நர்ஸம்மாகிட்ட ஒரு தடவை சொல்லணும், அவ்வளவுதான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு மேல வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்மா. அவங்க வீட்டுக் கூரைதான நம்ம தரை. மூச்சை இழுத்தா குத்துதுன்னா எலும்புல கீறல் இருக்கும், படம் எடுத்துப் பாத்துடணும்னாங்க. டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேப்பார். மேஜைன்னு சொல்லாதே. மேஜைன்னா நான் பக்கத்துல உக்காந்து இருபத்தொம்பதரைன்னு சொல்லிடுவேன், உனக்குத்தான் அவமானம்.

இப்ப எழுந்து நில்லு. வேலையைப் பாதியில விட எனக்குப் பிடிக்காது. நீலம் இருக்கற பக்கம் நான் தொடல, டேப்பு மேல லேசாத்தான் படும். நீயே அந்த நுனியைப் பிடிச்சுக்கோ. மூச்சு விடு, முடிஞ்ச வரைக்கும். முப்பத்திரெண்டு. பாத்தியா? நீ போட்டிருக்கறது முப்பத்தாறு. இப்ப மேல, எடுப்பா இருக்கற இடத்துல, இறுக்காம. முப்பத்தஞ்சு. வித்தியாசம் மூணு. ஒரு அங்குலத்துக்கு ஒரு எழுத்து. ஏ, பி, சி. முப்பத்திரெண்டு சி. கப்பு பத்தலன்னு பட்டியைப் பெரிசு பெரிசா வாங்கிட்டுப் போயிருக்கே. எல்லாரும் பண்ற தப்புதான். கடைக்காரனும் விக்கறதைத்தான் பாப்பான்.

நான் வாங்கி வச்சிருக்கேன். ஆமா, நானே போய்த்தான். நின்னு, நிமிர்ந்து, சத்தமாக் கேட்டேன். கைக்குட்டை வாங்கல. விக்கறவ ஒரு பொண்ணு, கம்பி இல்லாதது குடு, மெத்துன்னு இருக்கணும், முன்னாடி கொக்கி வச்சது குடுன்னேன். உன்னால கையைப் பின்னாடி கொண்டுபோக முடியாதுன்னு எனக்குத் தெரியுமே. சைஸ் தெரியலன்னு சொன்னேன், தெரியலன்னு சொல்றதுக்கு ஒண்ணும் ஆயிடல. மூணு சைஸ் எடுத்துட்டுப் போங்க, பொருந்தாததைத் திருப்பிக் குடுங்கன்னா. இதுல முப்பத்திரெண்டு சி இருக்கா பாரு. இருக்கு. போட்டுப் பாரு, கையை மெதுவா விடு, இப்படி. விலா மேல அழுத்துதா? இல்லேல்ல. தோள் நாடா? சரி. பின்னாடி நேரா நிக்குது. கண்ணாடியில பாத்துக்கோ. அழுத கண்ணோட பாத்தாலும் பொருத்தம் தெரியும்.

அம்மா வீட்டுக்கா? ஏன், அங்க என்ன? பாக்கணும்னா போயிட்டு வா, உங்கம்மாவுக்கும் உன்னைப் பாக்கணும்னு இருக்கும். ஆனா இதுக்காகப் போக வேண்டாம். அடிச்சவன் சோபாவுல உக்காந்திருக்க, அடி வாங்கினவ பெட்டியைத் தூக்கிட்டுப் படியிறங்கறதா? என்ன நியாயம் இது? உனக்கு வேலை இங்க, பஸ்ஸு இங்க. இந்த வீடு நான் மூட்டை எடை போட்டு வாங்கினது, பத்திரத்துல என் பேர் மட்டும்தான் இருக்கு. துரைக்கு அது மறந்துபோயிருக்கும். அவன் பேரையும் சேக்கணும்னு கேட்டுட்டே இருந்தான், நான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன். எதுக்குத் தள்ளினேன்னு எனக்கே தெரியாது.

அவனுக்கு யார் சொல்றதா? சொல்றதுக்கு என்ன இருக்கு. அவன் துணிமணி ரெண்டு பையில கீழ வாட்ச்மேன்கிட்ட இருக்கு. பனியன் எதுல இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருக்கேன், இல்லேன்னா நடுரோட்டுல நின்னு அம்மான்னு கத்துவான்.

என்ன, என்ன சத்தம்? அதுவா. வாசல் கதவுதான். இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டான் போல. ஒண்ணும் பதறாதே, உள்ள வர முடியாது. சாவியை விட்டு ஆட்டிப் பாக்கறான், அவ்வளவுதான். காலையில பூட்டுக்காரனை வரச்சொல்லி பூட்டையே மாத்திட்டேன். உன்னை அளந்து பாத்துட்டுத்தான் மாத்தணும்னு இருந்தேன், அதுதான் முறை. ஆனா பூட்டுக்காரன் இன்னிக்குக் காலையில விட்டா அடுத்த வாரம்தான் வருவேன்னான்.

நீ பொத்தானைப் போடு. மெதுவாப் போடு. அவன் நிக்கட்டும்.